தலைமையும் தொண்டும்: ஊராட்சிப் பணியில் அதிகாரத்தின் இடம்

கிராம ஊராட்சி ஒரு மன்றம் மட்டுமன்று; அஃது ஒரு பணியிடமும் ஆகும். மன்றம் என்ற முறையில் அங்கே தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. பணியிடம் என்ற முறையில் அங்கே குடிநீர் ஏற்றப்படுகிறது, தெருவிளக்கு எரிகிறது, குப்பை அகற்றப்படுகிறது, வரி வசூலாகிறது, கணக்கு எழுதப்படுகிறது. ஊராட்சிச் செயலர், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர், தூய்மைக் காவலர் ஆகியோர் இவ்வேலைகளை நாள்தோறும் செய்து வருகின்றனர். தீர்மானங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம்; பணியிடத்தைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும், ஓர் ஊராட்சியின் நன்மை தீமைகளில் பெரும் பகுதி, தலைமையில் இருப்பவர் தமக்குக் கீழே பணிபுரிவோரிடம் அதிகாரத்தை எவ்வாறு செலுத்துகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே, இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

ஒரு பழைய பிரிவினை

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப் பெற்றது. அடுத்த ஆண்டு தேசிய விரிவாக்கப் பணி தோன்றியது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும் பதவி நாடெங்கும் வேரூன்றியது இத்திட்டங்களின் வழியாகத்தான். அக்காலத்தில் சிற்றூர்களில் சுற்றிப் பணியாற்றிய ஊழியருக்குக் 'கிராம சேவக்' என்று பெயரிட்டனர். அவருக்கு மேலே வட்டாரத்தில் இருந்தவருக்கோ 'அதிகாரி' என்று பெயர்.

இப்பெயர்கள் நல்லெண்ணத்தோடு இடப்பட்டவையே. ஆனால், அவற்றுள் ஒரு பிரிவினை தானாகவே புகுந்துகொண்டது. தொண்டு என்பது கீழ்ப்படியில் உள்ளவருக்கு உரியது என்றும், அதிகாரம் என்பது மேற்படியில் உள்ளவருக்கு உரியது என்றும் பலர் எண்ணத் தலைப்பட்டனர். பதவிகளின் பெயர்கள் பிற்காலத்தில் மாறின. இவ்வெண்ணம் மட்டும் முற்றிலும் மாறிற்று என்று சொல்வதற்கில்லை. உண்மையில், படி உயர உயரத் தொண்டின் அளவும் உயர வேண்டும். குடிநீர்த் தொட்டியை இயக்குபவர் ஊருக்கு நீர் தருகிறார். அவர் தடையின்றி நீர் தருவதற்கு வேண்டியவற்றைச் செய்து கொடுப்பது தலைவரின் தொண்டு. தலைவர் தம் கடமையைச் செய்வதற்கு வேண்டியவற்றைத் தாமதமின்றிச் செய்து கொடுப்பது வட்டார அலுவலகத்தில் இருக்கும் நம் தொண்டு. இவ்வாறு பார்க்கும்போது, அதிகாரம் என்பது பிறர் வேலையைச் செய்யத்தக்கதாக ஆக்கும் கருவியே அன்றி வேறில்லை.

சட்டம் தந்த பொறுப்பு

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டி 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. இச்சட்டப்படி கிராம ஊராட்சியின் நிறைவேற்று அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் உள்ளது. ஊராட்சி ஒன்றியத்தில் முடிவெடுப்பது மன்றம்; நிறைவேற்றுவது ஆணையராக இருக்கும் அலுவலர். கிராம ஊராட்சியிலோ, மன்றத்திற்குத் தலைமை தாங்குபவரே அலுவலகத்தையும் நடத்துபவர் ஆகிறார். மக்களின் வாக்கைப் பெற்றவர் என்ற சிறப்பும், பணியாளரை ஏவுபவர் என்ற வலிமையும் ஒருவரிடமே சேர்கின்றன. வலிமை இவ்வாறு ஓரிடத்தில் சேருமிடத்தில் வரையறையும் வேண்டும் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. பதவிக் காலம் 360 நாள். அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வர இயலாது. இவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவர் ஆகார். அம்முறை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததன்று. அந்தணர் ஊராகிய அவ்விடத்தில் நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவரே பங்கு பெற முடிந்தது. அந்தக் குறையை மறைக்காமலே, அதன் நிறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். பதவி என்பது குறித்த காலத்திற்கு, கணக்கொப்பிக்கும் கடனோடு தரப்படும் பொறுப்பு என்பதே அந்நிறை.

துடைப்பமும் ஏற்பாடும்

தொண்டு என்றவுடன், தலைவர் ஒரு நாள் துடைப்பம் ஏந்தித் தெருவைப் பெருக்குவதையே பலர் நினைக்கின்றனர். இதிலும் தெளிவு வேண்டும். 1901-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்குக் காந்தியடிகள் சென்றிருந்தார். அங்கே கழிப்பிடங்கள் மிகவும் அசுத்தமாக இருந்தன. தொண்டர்களிடம் கூறியபோது, அது துப்புரவாளரின் வேலை என்று ஒதுங்கினர். அடிகள் தாமே ஒரு துடைப்பத்தை வாங்கிச் சுத்தம் செய்தார். இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துக் கூறுவர். ஆனால், அதன் பிற்பகுதியைக் கூறுவோர் சிலரே. கூட்டமோ பெரிது, கழிப்பிடங்களோ மிகச் சில; ஆதலால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, அஃது ஒருவரால் இயலும் காரியமன்று என்பதையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறுகிறோம். எந்த வேலையும் தமக்கு இழிவன்று என்று தலைவர் காட்டுவது முதற்பாடம். அவ்வேலையை நாள்தோறும் செய்பவருக்குப் போதிய ஆளும் கருவியும் இடமும் தருவது இரண்டாவது பாடம். முதலாவது ஒரு நாளில் முடிந்துவிடும்; இரண்டாவது ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். படம் எடுக்கும் நாளில் துடைப்பம் ஏந்திய தலைவர், மறுநாள் தூய்மைக் காவலரின் தள்ளுவண்டிச் சக்கரம் உடைந்து கிடப்பதைக் கவனிக்கவில்லையாயின், அவர் செய்தது தொண்டு ஆகாது.

ஆணையிடும்முன் எண்ண வேண்டியது

தலைவரின் ஒரு சொல் மற்றொருவரின் உயிரைப் போக்கக் கூடிய இடமும் ஊராட்சிப் பணியில் உண்டு. கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால், 'அவரைக் கூப்பிடு, இறங்கி எடுத்து விடட்டும்' என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லப்பட்டவர் பெரும்பாலும் ஏழை. ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர். மறுத்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுபவர். அவர் மறுக்காமல் இறங்குவதை விருப்பம் என்று கொள்ளலாகாது.

தொட்டியினுள் காற்றோட்டமின்றிக் கழிவு அழுகும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கரியமில வாயு ஆகியவை உண்டாகின்றன. உயிர் வாழ வேண்டிய பிராணவாயு குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல் நாறும். அதன் அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். ஆகையால், 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்பது பெரும் ஆபத்தான கருத்து. முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததைக் கண்டு காப்பாற்ற இறங்குபவரும் அதே கதியை அடைகிறார். நெடுநாள் மூடிக் கிடந்த பழங்கிணற்றில் இறங்கும் உழவர்களுக்கும் இவ்வெச்சரிக்கை உரியது. விளக்கை இறக்கிப் பார்ப்பது போதிய சோதனையன்று. எரியும் வாயு இருப்பின் அவ்விளக்கே தீங்குக்குக் காரணமாகும்.

2013-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலையைத் தடை செய்யும் மத்தியச் சட்டம், உரிய காப்புக் கருவிகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இன்றிச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. உள்ளாட்சி மன்றத்திற்கும், தனியாருக்கும், இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரருக்கும் இத்தடை ஒருங்கே பொருந்தும். முதல் முறைக் குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் சிறை ஐந்தாண்டு வரையும், அபராதம் 5 இலட்சம் ரூபாய் வரையும் உயரும். இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது.

தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதனைக் கைவிடுதல் தலைமைக்கு அழகன்று. நம் மகனை இறங்கச் சொல்லாத குழியில் பிறர் மகனை இறங்கச் சொல்லலாகாது என்பதே போதிய காரணம். தொட்டியைக் காலி செய்ய உறிஞ்சு வண்டியை வரவழைத்தல் வேண்டும். வண்டி வரும் வரை அவ்வேலை நிற்கட்டும். தனிப்பட்ட வீட்டுக்காரர் ஊராட்சித் தொழிலாளியைத் தம் வீட்டுத் தொட்டிக்கு அழைத்துச் செல்வதையும் தலைவர் தடுக்க வேண்டும். 'இறங்க மாட்டேன்' என்று தொழிலாளி சொல்லும்போது, அவர் பக்கம் நின்று 'சரியாகச் சொன்னீர்' என்று கூறுவதே தலைவரின் அதிகாரத்திற்குச் சிறந்த பயன்.

அறிந்தவர் சொல் கேட்டல்

பதவியில் மேலே இருப்பவர் எல்லாவற்றையும் மேலாக அறிந்தவர் ஆகிவிடார். குடிநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தெருக் குழாயின் கடைசி முனையில், ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு. தொட்டியில் சரியாக மருந்து இட்டும் கடைசித் தெருவில் அவ்வளவு இல்லையெனில், வழியில் குழாய் உடைந்து அழுக்கு நீர் கலப்பது காரணமாயிருக்கலாம். வெளுப்புத் தூளைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டு அதன் வீரியம் கெடும். அதனை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி இயக்குபவர் இவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர். எந்தத் தெருவில் நீர் வரவில்லை, எந்த அடைப்பிதழ் தேய்ந்துள்ளது, ஏணியின் எந்தப் படி துருப்பிடித்துள்ளது என்பன அவருக்கே தெரியும்.

'மருந்து வாடை வீசுகிறது, குறைத்துப் போடு' என்று சிலர் தலைவரிடம் வந்து சொல்லுவர். தலைவர் உடனே அவ்வாறே ஆணையிட்டால், சொன்னவர்களிடம் நற்பெயர் கிடைக்கும். வயிற்றுப்போக்கு வரும்போது பழி இயக்குபவர் தலையில் விழும். மாறாக, 'இவர்கள் இப்படிச் சொல்லுகிறார்கள், உங்கள் கருத்து என்ன?' என்று அவரிடம் கேட்டு, குழாய் முனையில் சோதித்துப் பார்த்து முடிவு செய்தால் உண்மை வெளிப்படும். கேட்பதால் தலைமை தாழ்ந்துவிடாது. கேட்கப்படாத பணியாளர் நாளடைவில் எதையும் சொல்லாமல் விட்டுவிடுவார். பின்னர், குழாய் உடைந்த செய்தி நோய் வந்த பிறகே தலைவருக்கு எட்டும்.

அமெரிக்க நாட்டில் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப் என்பவர், 1970-ஆம் ஆண்டில் தலைமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைவர் முதலில் தொண்டராகவே இருப்பார், பின்னரே தலைவராவார் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் கூறும் சோதனை, அத்தலைவரின்கீழ் இருப்போர் அறிவிலும் உரிமை உணர்விலும் வளர்கின்றனரா, மிகவும் எளியவர் நிலை என்ன ஆகிறது என்பதாம். நம் ஊராட்சிகளுக்கும் இச்சோதனை பொருந்தும். செயலர் கணக்கு வேலையில் தேர்ச்சி பெறுகிறாரா? தூய்மைக் காவலர் தம் குறையை அச்சமின்றிச் சொல்கிறாரா? இவற்றுக்கு 'ஆம்' என்று விடை வரும் ஊராட்சியில், தலைவர் வெளியூர் சென்றிருக்கும் நாளிலும் வேலை தடைப்படாது.

ஊதியம், கருவி, புகழ், பழி

அன்றாட நடைமுறையில் தொண்டின் உருவம் மிகச் சிறியது. ஊதியப் பட்டியலில் உரிய நாளில் கையொப்பமிடுதல் அதில் ஒன்று. கிராம ஊராட்சியின் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையொப்பமும் வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காக ஏற்பட்ட இம்முறை, இருவருக்குள் மனவேறுபாடு தோன்றினால், மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவரின் அடுப்பை அணைத்துவிடும். தங்கள் வழக்கை மன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்வதும், காசோலையைப் பிணையாக்காதிருப்பதும் இருவருக்கும் கடமை.

கையுறை, காலணி, துடைப்பம், கயிறு முதலியவை தேய்ந்தபோது கேட்காமலே வாங்கித் தருதல் மற்றொன்று. பலர் முன்னிலையில் பணியாளரைக் கடிந்து பேசாமை வேறொன்று. குறை இருப்பின் தனியே அழைத்துச் சொல்லலாம். ஊரில் வயதில் மூத்த தொழிலாளியை ஒருமையில் அழைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். மேலதிகாரிகள் வந்து பாராட்டும்போது, வேலை செய்தவரை முன்னே அழைத்து நிறுத்துவதும், அவர்கள் குறை கூறும்போது தாம் முன்னே நிற்பதும் தலைவருக்கு உரியன. வட்டார அலுவலகத்தார்க்கும் இதே நெறி உண்டு. மாலையில் புள்ளிவிவரம் கேட்டுக் காலையில் வேண்டும் என்று அழுத்தினால், செயலர் அதனைத் தெருவில் போய்ப் பார்த்து எழுத மாட்டார். இருந்த இடத்திலேயே நிரப்புவார். பொய்க் கணக்கை வேண்டாதவர் மெய்க் கணக்குக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

அதிகாரம் உரியவரிடம் இருத்தல்

தொண்டைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு தவறான பொருள் கொள்ளப்படாமல் காத்துக்கொள்ள வேண்டும். ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் பெண்களும் ஒதுக்கீட்டின் வழியாகத் தலைமைக்கு வந்துள்ளனர். பெண்களுக்கான இட ஒதுக்கீடு நம் மாநிலத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. இவர்களிடம் போய், 'பணிவாக இருங்கள், பதவியைப் பெரிதாக எண்ணாதீர்கள்' என்று அறிவுரை கூறுவோர் உளர். 2020-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர். அந்நிழற்படம் வெளிவந்தபின் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது. அங்கே தரையில் இருந்தது பணிவன்று, பறிக்கப்பட்ட உரிமை.

தலைவரின் கணவரோ தந்தையோ கையொப்பத்தை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, பணியாளரைத் தாமே ஏவுவதும் இத்தகையதே. தேர்ந்தெடுக்கப் பெறாதவர் ஆணையிட்டால், யாரும் அவரைக் கணக்குக் கேட்க முடியாது. ஆகவே, பணியாளர்கள் தலைவரின் சொல்லையே கேட்க வேண்டும்; உறுப்பினர்கள் அவருக்கு உரிய இருக்கையை அளிக்க வேண்டும். அதிகாரம் முதலில் உரியவர் கையில் முழுமையாக இருத்தல் வேண்டும். கையில் இல்லாத ஒன்றைக் கொண்டு யாரும் தொண்டு செய்ய இயலாது.

கிராம சபையின் முன்

தலைவருக்கும் மேலானவர் ஊர் மக்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி வந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுமாறு அரசு ஏற்பாடு செய்தது. வாக்காளர் ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். அங்கே வரவு செலவைக் கேட்பதோடு உழவர் பெருமக்கள் நின்றுவிடலாகாது. பணியாளருக்கு எந்த மாதம் வரை ஊதியம் தரப்பட்டுள்ளது? தொட்டியின் ஏணி பழுது பார்க்கப்பட்டதா? கழிவுத் தொட்டி அடைத்தால் உறிஞ்சு வண்டிக்கு என்ன ஏற்பாடு உள்ளது? இம்மூன்று கேள்விகளும் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். கேட்பவரைப் பகைவராகக் கருதாமல் விடை தரும் தலைவரே ஊரின் நம்பிக்கையைப் பெறுவார்.

பதவி ஐந்தாண்டுக்கு உரியது. ஊரோ தலைமுறை தலைமுறையாக இருப்பது. தலைவராக இருந்தவரும் தொட்டி இயக்கியவரும் பின்னர் அதே தெருவில், அதே குழாயில் நீர் பிடித்து வாழப் போகிறவர்களே. இதனை மறவாமல் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும், அவர்களோடு வட்டார அலுவலகத்தில் இருக்கும் நாமும், ஒவ்வோர் ஆணைக்கும் முன் 'இதனால் யாருடைய வேலை எளிதாகும், யாருக்குத் தீங்கு நேரும்?' என்று எண்ணிப் பார்ப்போமாக. அவ்வாறு எண்ணி நடத்தும் ஊராட்சியில் குடிநீர் தூய்மையாக இருக்கும். அதனை ஏற்றித் தருபவரும் நலமாக வீடு திரும்புவார்.